மின்சார காரின் ஓட்டத்தைப் பெட்ரோல் காரில் கொண்டுவர முடியுமா?

மலைப்பாதை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் மைத்துனர் புதிதாக வாங்கிய மின்சார காரைக் கொல்லிமலைக்கு நானே ஓட்டிச் சென்றேன். அந்தப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் சொந்தக் காரில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன் என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என் கைகளுக்கும் கால்களுக்கும் உடனே தெரிந்துவிட்டது. என்னுடையது டர்போ (எஞ்சினின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள பெட்ரோல் கார்; கையால் கியர் மாற்றும் வகை. வளைவின் நடுவில் வேகம் குறைந்து, இரண்டாம் கியரில் வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் இழுவை கிடைக்கும். கிடைக்கும்போது தேவைக்கு மேல் கிடைக்கும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மின்சார காரில் அந்த எண்ணிக்கைக்கே இடமில்லை. பெருவிரலைச் சற்று அழுத்தினால் அந்த அளவுக்கு மட்டும் வண்டி முன்னே செல்கிறது. விரலைத் தளர்த்தினால் அந்த அளவுக்கு மட்டும் வேகம் குறைகிறது. பின் இருக்கையில் என் தாயார் மலை உச்சி வரை வாந்தியெடுக்காமல் வந்தது அதுவே முதல் முறை.

நான் மின்சார காருக்கு எதிரானவன் அல்லன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் சார்ஜ் செய்யும் வசதி இல்லை, அண்மையில் வரப்போவதாகவும் தெரியவில்லை. எனவே இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு, பெட்ரோலை மட்டுமே ஊற்ற வேண்டும், ஆனால் ஓட்டுபவருக்கு மின்சார காரின் உடனடித் தன்மையும் தடையற்ற இழுவையும் அமைதியும் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் காரை வடிவமைத்தால், அந்தக் கார் எப்படி இருக்கும்? விலையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பொறியியலாக இது சாத்தியமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுழல்தண்டு

நல்ல கேள்வி. எஞ்சின்களின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சீரமைக்கும் பணியில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன் என்பதால், நீங்கள் மனத்துக்குள் எண்ணிய அந்த இரண்டு நொடிகள் எங்கே செலவாகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கணக்கு தெளிவாகாமல் வடிவமைப்பைத் தொடங்க முடியாது.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது, இருபது மில்லி நொடிக்கு ஒரு முறைதான் எரிதல் நிகழ்கிறது. இரண்டு எரிதல்களுக்கு இடையில் எந்தக் கணிப்பொறியாலும் முறுக்குவிசையை (டார்க், அதாவது தண்டைச் சுழற்றும் விசை) மாற்ற முடியாது. மின்மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் இன்வெர்ட்டரோ ஒரு நொடியில் பத்தாயிரம் முறை அளவில் மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. ஆயினும் இந்த இருபது மில்லி நொடியை மனிதக் கால் உணராது. நீங்கள் உணர்ந்தது அடுத்து வருபவற்றைத்தான். காற்று நுழையும் வாசலான திராட்டில் திறந்ததும் உட்கொள் குழாய்த் தொகுதி முழுவதும் காற்றால் நிரம்ப வேண்டும். நிரம்பிய காற்று சிலிண்டருக்குள் சென்று, அழுத்தப்பட்டு, எரிந்து, பிஸ்டனைத் தள்ள வேண்டும்; இதே சுழற்சி வேகத்தில், எஞ்சின் இரண்டு முறை சுழலும் இந்த முழு நிகழ்வுக்கு எண்பது மில்லி நொடி ஆகிறது. டர்போ இருந்தால், வெளியேறும் புகை வலுப்பெற்று, டர்பைனை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றி, அது அனுப்பும் காற்று மீண்டும் உள்ளே வரும் வரை காத்திருக்க வேண்டும். குறைந்த சுற்றில் இதற்கு ஒரு நொடிக்கு மேல் ஆவது இயல்பு.

இவற்றுக்கு மேல், நாங்களே வேண்டுமென்று சேர்க்கும் தாமதமும் உண்டு. ஆக்சிலரேட்டரைத் திடீரென்று அழுத்தும்போது முறுக்குவிசை முழுவதும் ஒரே அடியாகச் சென்றால், கியர்ப் பற்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி ‘டக்’ என்ற ஒலியுடன் மூடும். அச்சுத்தண்டுகள் ஸ்பிரிங் போல முறுகி விடுபடும். வண்டி முன்னும் பின்னுமாக ஆடும். அந்த ஆட்டத்தைத் தவிர்ப்பதற்காக, ஓட்டுபவர் கேட்டதை நாங்கள் ஒரு வடிகட்டி வழியாகத்தான் எஞ்சினுக்கு அனுப்புகிறோம். மின்சார காரிலும் இதே ஆட்டம் தோன்றக்கூடும். ஆனால் அங்கே மோட்டார் அவ்வளவு விரைவாகத் திருத்திக்கொள்வதால், ஆட்டம் தொடங்கும்போதே எதிர்விசை கொடுத்து அதை அடக்கிவிட முடிகிறது. எஞ்சினுக்கு அந்த வேகம் இல்லை. அதனால்தான் வடிகட்டி.

இன்னொன்று, எடை. காரின் எடையைச் சொல்லவில்லை. எஞ்சினின் சுழலும் பாகங்களின் எடையைச் சொல்கிறேன். முதல் கியரில் மொத்தக் கியர் விகிதம் 14 (எஞ்சின் 14 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும்) என்றும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் அதன் முனையிலுள்ள கனமான ஃபிளைவீலும் சேர்ந்த சுழல் நிலைமம் (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.15 கிலோகிராம் சதுர மீட்டர் என்றும், சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 327 கிலோ வருகிறது. அதாவது ஒவ்வொரு முறை முதல் கியரில் புறப்படும்போதும், எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்காக மட்டும், காரில் நான்கைந்து பேர் கூடுதலாக அமர்ந்திருப்பது போன்ற சுமையை இழுக்கிறது. விகிதம் 9, நிலைமம் 0.04 உள்ள மின்மோட்டாருக்கு இதே கணக்கைப் போட்டால் 36 கிலோதான் வருகிறது.

ஆகவே சக்தி போதாது என்பது இங்கே பிரச்சினையே அல்ல. காலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் நேரம் எங்கெல்லாம் கசிகிறதோ, அந்த இடங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் நீங்கள் கேட்கும் வடிவமைப்பு.

நேர்கோடு

சுழல்தண்டு அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் மின்மோட்டாரின் உதவியே இல்லாமல் இந்த உணர்வை உருவாக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2020-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காரில் 6.75 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் உள்ளது. அது 850 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 1,600 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. பன்னிரண்டு சிலிண்டர் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு எரிதல்கள். ஒன்றின் தள்ளல் ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. அந்நிறுவனத்தின் கார்களில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் கிடையாது. அதற்குப் பதிலாக, இன்னும் எவ்வளவு திறன் கையிருப்பில் உள்ளது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் முள் இருக்கும். 2013-இல் வந்த ரெய்த் காரில் செயற்கைக்கோள் வழி வரைபடத்தைப் பார்த்து, வரப்போகும் வளைவுக்கு ஏற்ற கியரை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். கியர் பெட்டி இருக்கிறது என்பதையே ஓட்டுபவர் மறக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அவர்களே 2023-இல் ஸ்பெக்டர் என்ற மின்சார காரைக் கொண்டுவந்தபோது, தங்கள் கார்களின் இயல்பு மாறவில்லை என்று கருதியவர்கள் பலர். அதற்குக் காரணம், அவர்களுடைய பெட்ரோல் கார்கள் முன்பே அந்த இடத்துக்குச் சென்று நின்றிருந்தன.

இதே இலக்கை இன்னும் எளிய வழியில் தொட்டது 1989-இன் லெக்சஸ் எல்எஸ் 400. நான்கு லிட்டர், எட்டு சிலிண்டர், டர்போ கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் முன்மூடியின் மேல் மது கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கிக் காட்டிய அதன் விளம்பரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆகவே என் வெற்றுத் தாளில் முதலில் நான் எழுதுவது இதுதான்: டர்போ வேண்டாம், கொள்ளளவு பெரிதாக இருக்கட்டும், ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கட்டும். வரிசை ஆறில் பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை அதிர்வுகள் (கிராங்கின் வேகத்திலும் அதன் இரு மடங்கு வேகத்திலும் வருபவை) தாமாகவே ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. மூன்று சிலிண்டர் எஞ்சின் இரு முனைகளிலும் மேலும் கீழுமாக ஆடும். நான்கு சிலிண்டரில் கிராங்கின் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வு எப்போதும் மிஞ்சும். இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான் என்பதால், பெட்ரோல் என்றாலே அதிர்வு என்று நாம் பழகிவிட்டோம்.

சுழல்தண்டு

நேர்கோடு அவர்களுக்கு: அமைதியும் தடையற்ற இழுவையும் உங்கள் வழியில் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடனடித் தன்மையில்தான் குறை நிற்கும். பெரிய எஞ்சினின் உட்கொள் குழாயும் பெரிது. அதுவும் நிரம்ப வேண்டும்.

அந்தத் தாமதத்தை எஞ்சினுக்குள்ளேயே குறைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, காற்றைத் திராட்டிலில் தடுக்காமல் வால்வின் வாசலிலேயே அளந்து விடுவது. பிஎம்டபிள்யூ 2001-இல் கொண்டுவந்த வால்வ்டிரானிக், ஃபியட் 2009-இல் கொண்டுவந்த மல்டிஏர் ஆகியவை இந்த வகை. குழாய் எப்போதும் நிரம்பியே இருப்பதால், அடுத்த சிலிண்டரிலேயே மாற்றம் தெரியும். இரண்டாவது, தீப்பொறியைச் சற்றுத் தாமதித்து, கொஞ்சம் முறுக்குவிசையைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது. காற்று முன்பே உள்ளே இருக்கிறது. தேவைப்படும் கணத்தில் தீப்பொறியை முன்னே நகர்த்தினால் போதும், அடுத்த எரிதலிலேயே இழுவை வரும். எஞ்சின் வெறுமனே ஓடும்போது ஏசி கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கினாலும் அது அணைந்துபோகாமல் இருப்பது இந்த உத்தியால்தான். ஆனால் ஓட்டம் முழுவதும் இப்படிக் கையிருப்பு வைத்தால் பெட்ரோல் வீணாகும். அதை மனச்சாட்சியுடன் என்னால் பரிந்துரைக்க முடியாது.

மூன்றாவது, டர்போவைப் புகைக்காகக் காத்திருக்க விடாமல் மின்சாரத்தால் சுழற்றுவது. ஆடி நிறுவனம் 2016-இல் எஸ்க்யூ7 என்ற டீசல் காரில் 48 வோல்ட்டில் இயங்கும் தனிக் காற்றழுத்தியைச் சேர்த்தது. அது கால் நொடிக்குள் நிமிடத்துக்கு 70,000 சுற்றை எட்டுகிறது. அதனால் 900 நியூட்டன் மீட்டர் 1,000 சுற்றிலேயே கிடைக்கிறது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி எஸ்எல் 43 காரில், டர்போவின் தண்டின் மேலேயே சுமார் நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள். கொல்லிமலை வளைவில் நீங்கள் எண்ணிய ஒன்று, இரண்டு என்பதில் இரண்டை இது நிச்சயமாக நீக்கும். ஒன்றை நீக்குவது கடினம்.

யோகோஹாமாவாசி

நான் ஜப்பானில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். மலைப்பாதை அண்ணா கேட்ட காரை, பெயரளவில் மிக எளிய ஒரு சிறிய காராக, நான் நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம்.

நிசான் நிறுவனம் 2016 நவம்பரில் இங்கே நோட் இ-பவர் என்ற காரை வெளியிட்டது. அதில் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. ஆனால் அந்த எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் எந்த இயந்திரத் தொடர்பும் கிடையாது. எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும். இருக்கைக்கு அடியில் ஒன்றரை கிலோவாட் மணி அளவுள்ள சிறிய பேட்டரி. சக்கரத்தைச் சுழற்றுவது 254 நியூட்டன் மீட்டர் தரும் மின்மோட்டார். அது லீஃப் என்ற மின்சார காரில் இருந்த மோட்டாரேதான். சார்ஜ் செய்யும் துளையே கிடையாது, பெட்ரோல் மட்டும்தான். வெளிவந்த அந்த மாதமே ஜப்பானில் மிக அதிகமாக விற்ற கார் என்ற இடத்தை நோட் பிடித்தது. நிசானுக்கு அந்த இடம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது.

ஓட்டும் அனுபவத்தைப் பொறுத்தவரை, முதல் நூறு மீட்டரில் இது மின்சார கார்தான். ஒரே மிதியால் ஓட்டலாம். காலை எடுத்தால் வேகம் நன்றாகவே குறையும். சிக்னலை நெருங்கும்போது பிரேக்கைத் தேடுவதை என் கால் மறந்துவிட்டது. ஆனால் எஞ்சின் தொடங்கும் கணம் ஒன்று உண்டு. உங்கள் கால் எதையும் கேட்காதபோது, வீட்டுத் தெருவில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போது, திடீரென்று மூன்று சிலிண்டர்கள் உறுமத் தொடங்கும். என் செயலுக்கும் அந்த ஒலிக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் தொடக்கத்தில் என்னை உறுத்தியது.

நிசான் பொறியாளர்களும் இதையே பெரிய குறையாகக் கருதினார்கள் என்பது அடுத்த தலைமுறையில் தெரிந்தது. புதிய நோட்டில் சக்கரங்களின் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய மாறுபாட்டைக் கொண்டு சாலை கரடுமுரடாக இருக்கிறதா என்பதைக் கார் கண்டுகொள்கிறது. கரடான சாலையில் டயர் ஒலி எப்படியும் அதிகமாக இருக்கும் அல்லவா? அப்போது எஞ்சினை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. வழவழப்பான சாலை வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுகிறது. ஒரு சத்தத்தின் நிழலில் இன்னொரு சத்தத்தை ஒளித்துவைத்த அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஐரோப்பாவுக்காக 2022-இல் வந்த காஷ்காய் இ-பவரில் வேறொரு வழி: வண்டியின் வேகம் ஏற ஏற எஞ்சின் ஒலியும் அதே விகிதத்தில் ஏறும்படி அமைத்தார்கள். எஞ்சினுக்கு அந்தச் சுற்று தேவைப்படுவதால் அல்ல. ஓட்டுபவரின் காது அதை எதிர்பார்ப்பதால்.

லோகோ ஓய்வு

முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் யோகோஹாமாவாசி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். தம்பி வியப்போடு விவரிக்கும் அந்த அமைப்பு எங்களுக்குப் பழகிய வீடு.

1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பின்னர் வாரணாசியிலேயே கட்டப்பட்ட டபிள்யூடிஎம்-2 வகை எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு சிலிண்டர்கள், 2,600 குதிரைத்திறன். ஆனால் அந்த டீசல் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள ஆறு இழுவை மோட்டார்களுக்குச் செல்லும். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள சரக்கு வண்டியை அசைக்கும்படி ஒரு கிளட்ச்சைச் செய்ய முடியாது என்பதால் பிறந்த ஏற்பாடு இது. நின்ற நிலையில் முழு முறுக்குவிசை தரும் ஆற்றல் மின்மோட்டாருக்கு உண்டு, டீசல் எஞ்சினுக்கு இல்லை.

இளைஞர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நிலையத்தில் வண்டி புறப்படும்போது முதலில் எஞ்சினின் ஒலி உயரும். வண்டி அதன் பிறகுதான் நகரும். ஓட்டுநர் கையில் இருப்பது எட்டு நாட்ச், அதாவது திறனைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியின் எட்டுப் படிகள். நாட்ச்சைக் கூட்டினால் எஞ்சினின் சுற்று கூடும். அதற்கும் அந்தக் கணத்தில் வண்டி ஓடும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆரம்பத்தில் எனக்கும் அது விநோதமாக இருந்தது. ஓராண்டுக்குள் அந்த ஒலியை வேகமாகக் கேட்காமல் திறனாகக் கேட்கக் காது பழகிவிட்டது.

காரிலும் இந்த யோசனை புதிதல்ல. 1900-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே, லோனர் நிறுவனத்துக்காக வடிவமைத்த செம்பர் விவுஸ் காரில் பெட்ரோல் எஞ்சின்கள் ஜெனரேட்டர்களை ஓட்ட, சக்கரக் குடத்துக்குள்ளேயே மோட்டார்கள் இருந்தன. 1915-இல் அமெரிக்காவில் ஓவன் மேக்னெட்டிக் என்ற கார், எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் காந்தப் புலத்தையே இணைப்பாக வைத்து விற்கப்பட்டது. அன்று அவற்றை வீழ்த்தியவை எடையும் விலையுமே. வேகமாக மாற்றி மாற்றிக் கட்டுப்படுத்தக்கூடிய மின்னணுவியலும் அன்று இல்லை.

கணக்குநோட்டு

ஒரு தடை. எஞ்சினின் சக்தியை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மீண்டும் சுழற்சியாக்கும்போது நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை வெப்பமாகப் போய்விடும். நல்ல கியர் பெட்டியில் இழப்பு அதில் பாதிகூட இராது. சென்னையிலிருந்து மதுரைக்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்பவருக்கு இந்த அமைப்பால் என்ன பயன்? மைலேஜைக் கொடுத்து இன்பத்தை வாங்குவதாகத்தானே ஆகும்?

சுழல்தண்டு

தடை நியாயமானது, அதற்கு விடையும் சந்தையிலேயே இருக்கிறது. ஹோண்டாவின் இ:ஹெச்இவி அமைப்பு, இந்தியாவில் 2022-இல் சிட்டி காரில் வந்தது. 98 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சின், 109 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் தரும் இழுவை மோட்டார். நகரத்தில் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டும். சக்கரத்தை மோட்டார் சுழற்றும். நெடுஞ்சாலையில் நிலையான வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் மூடி, எஞ்சினைச் சக்கரத்தோடு நேராக இணைத்துவிடும். கியர் பெட்டி கிடையாது. டாப் கியருக்கு நிகரான ஒரே விகிதம். அந்த வேகத்தில் எஞ்சின் தனக்கு வசதியான சுற்றில்தான் இருக்கும் என்பதால் வேறு கியர் தேவைப்படுவதில்லை. கூடுதல் இழுவை தேவைப்பட்டால் கிளட்ச் விடுபட்டு மோட்டார் பொறுப்பேற்கும்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வால்வு, தீப்பொறி, மின் டர்போ என்று நான் முன்பு எழுதியவை எல்லாம் எஞ்சினை விரைவுபடுத்தும் முயற்சிகள். இத்தனை ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு வேறு: எஞ்சினை விரைவுபடுத்தாதீர்கள், அதை அவசரத்திலிருந்து விடுவியுங்கள். ஓட்டுபவரின் காலுக்கு விடை சொல்லும் பொறுப்பை மோட்டார் எடுத்துக்கொண்டால், எஞ்சின் தனக்குப் பிடித்த ஓரிரு சுற்றுகளில் நிதானமாக ஓடலாம். அப்படி ஓடுவதற்கென்றே வடிவமைத்தால் அதன் திறனும் கூடும். இ-பவர் போன்ற அமைப்புக்காக நூற்றுக்கு ஐம்பது வெப்பத்திறனை, அதாவது எரிபொருளின் ஆற்றலில் பாதியைச் சுழற்சியாக மாற்றும் அளவை, எட்டும் எஞ்சின் ஆய்வை நிசான் 2021-இல் வெளியிட்டதும் இந்த அடிப்படையில்தான். கணக்குநோட்டு அவர்கள் குறிப்பிடும் இழப்பில் ஒரு பங்கை இது திரும்பக் கொடுக்கும். பிரேக்கில் மீட்கும் ஆற்றல் நகரத்தில் மீதியையும் தாண்டிக் கொடுக்கும்.

நேர்கோடு

அப்படியானால் அது பெட்ரோல் காரா, பெட்ரோலில் ஓடும் மின்சார காரா? எனக்கு இது வெறும் பெயர்ச் சிக்கல் அல்ல. கியர் மாற்றும் கணத்தில் ஓட்டுபவருக்கு ஒரு பங்கு இருந்தது. ஹூண்டாய் 2023-இல் கொண்டுவந்த ஐயோனிக் 5 என் என்ற மின்சார காரில், இல்லாத எட்டு கியர்களைப் பாவனையாக உருவாக்கி, ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் உலுக்கலையும் ஒலியையும் வைத்திருக்கிறார்கள். மின்சார காரை வடிவமைப்பவர்களே அந்தப் பங்கு தேவை என்று கருதியிருக்கும்போது, பெட்ரோல் காரிலிருந்து அதை நாம் முழுவதும் துடைத்துவிட வேண்டுமா?

மலைப்பாதை

நேர்கோடு அவர்களே, அந்த இன்பத்தை நானும் அறிவேன். ஆனால் வயதான தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு வளைவில் ஏறும்போது எனக்கு அது தேவைப்படுவதில்லை.

அனைவரின் பதில்களையும் படித்த பிறகு, சென்ற ஞாயிறு நண்பர் ஒருவரின், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் காரை, அவருடைய அனுமதியோடு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஓட்டிப் பார்த்தேன். (எந்த நிறுவனத்தின் கார் என்பதைத் தவிர்க்கிறேன்.) முதல் இருபது வளைவுகள் வரை மின்சார காருக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அதன் பிறகு, வளைவிலிருந்து வெளியே வந்து மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் உச்சக் குரலில் அலறத் தொடங்கியது. இழுவை குறையவில்லை, தாமதமும் இல்லை. ஆனால் அந்த அலறலில் முன் இருக்கையில் இருப்பவரிடம் பேச முடியவில்லை. பேட்டரி சிறியது, மலை பெரியது, ஆகவே ஐந்து மடங்கு பெரிய பேட்டரி இருந்தால்தான் தீரும் என்று நண்பர் சொல்கிறார். அது சரியா?

சுழல்தண்டு

சரியல்ல என்று நினைக்கிறேன். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேரோடு காரின் எடை 1,600 கிலோ, ஏறும் உயரம் 1,000 மீட்டர், ஆகும் நேரம் முக்கால் மணி என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க 15.7 மெகாஜூல், அதாவது ஏறத்தாழ 4.4 கிலோவாட் மணி போதும். முக்கால் மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் ஆறு கிலோவாட்டுக்கும் குறைவு. டயர் உருளும் எதிர்ப்பு, வளைவுகளில் பிரேக்கில் போவது, மாற்றத்தில் இழப்பது எல்லாவற்றையும் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு கிலோவாட்டுக்குள் அடங்கும். எழுபது கிலோவாட் தரவல்ல எஞ்சின், பன்னிரண்டு கிலோவாட்டுக்காக அலற வேண்டிய தேவையே இல்லை. 2,000 சுற்றுக்கு அருகில் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொடுக்க முடியும்.

அப்படியானால் ஏன் அலறியது? வளைவிலிருந்து வெளியேறும் அந்த மூன்று நொடிகளைப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 40-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 85 கிலோஜூல் வேண்டும். மூன்று நொடியில் என்றால் 28 கிலோவாட். ஏற்றத்துக்காக இன்னும் பத்து. மொத்தம் நாற்பதுக்கு அருகில். 85 கிலோஜூல் என்பது ஒன்றரை கிலோவாட் மணிப் பேட்டரிக்கு அறுபதில் ஒரு பங்குதான். ஆகவே கொள்ளளவு அங்கே போதும். போதாதது, ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக அந்தப் பேட்டரியால் கொடுக்க முடியும் என்பது. அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு கிலோவாட்டையும் எஞ்சின் அந்தக் கணத்திலேயே உற்பத்தி செய்தாக வேண்டும். பேட்டரியின் சார்ஜ் குறைந்த பிறகு முழுச் சுமையும் எஞ்சினின் மேல் விழுகிறது. நீங்கள் கேட்ட அலறல் அதுதான்.

எனவே வெற்றுத் தாளில் நான் எழுதுவது: பேட்டரி இரண்டு கிலோவாட் மணி போதும், ஆனால் நாற்பது கிலோவாட்டைத் தயங்காமல் தர வேண்டும். எஞ்சினின் சுற்று, ஓட்டுபவரின் காலைப் பின்தொடராமல், கடந்த இரண்டு மூன்று நிமிடங்களின் சராசரித் தேவையைப் பின்தொடர வேண்டும். இதில் பாதிக்கு மேல் மென்பொருள்.

லோகோ ஓய்வு

ஏறுவதைச் சொன்னீர்கள், அம்மா. இறங்குவதையும் கணக்கில் எடுங்கள். அந்த 4.4 கிலோவாட் மணியும் இறங்கும்போது திரும்பி வரும். இரண்டு கிலோவாட் மணிப் பேட்டரி பாதி மலையிலேயே நிரம்பிவிட்டால், மிச்சத்தை எங்கே கொட்டுவீர்கள்? எங்கள் எஞ்சின்களில் டைனமிக் பிரேக் போட்டால், மோட்டார்கள் தரும் மின்சாரத்தைத் தடைச்சுருள்களில் எரித்து, விசிறி வைத்து அந்த அனலை வெளியே தள்ளுவோம். காரில் அதற்கு இடம் ஏது?

சுழல்தண்டு

மிகச் சரியான கேள்வி, ஐயா. இன்றைய கார்களில் ஜெனரேட்டரையே மோட்டாராக்கி, பெட்ரோல் விடாமல் எஞ்சினைச் சுழற்றி அந்த ஆற்றலைச் செலவிடுகிறார்கள். காலை எடுத்த பிறகும் எஞ்சின் இரைவது அதனால்தான். நேர்கோடு அவர்கள் சொன்ன வரைபட உத்தியை இங்கே பயன்படுத்துவேன். மலை உச்சிக்குச் சில கிலோமீட்டர் முன்பே எஞ்சினை அணைத்து, மீதி ஏற்றத்தைப் பேட்டரியால் மட்டும் ஏறினால், உச்சியை அடையும்போது பேட்டரி ஏறக்குறைய காலியாக இருக்கும். டயர் எதிர்ப்பும் மாற்றத்தின் இழப்பும் ஏசியும் இறக்கத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அடிவாரத்துக்கு அருகில் ஒரு சில வளைவுகளில் மட்டும் எஞ்சின் சுழல வேண்டியிருக்கும். அதற்கும் மேல் மிஞ்சினால் பிரேக் பட்டைகள் இருக்கின்றன.

மலைப்பாதை

உச்சிக்கு எத்தனை வளைவுகள் முன்பாக எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது ஏறும் வேகத்தையும் பயணிகளின் எடையையும் பொறுத்தது அல்லவா? அடுத்த மாதம் மீண்டும் செல்கிறேன். நண்பரின் காரில் ‘பேட்டரியில் மட்டும்’ என்ற பொத்தான் இருக்கிறது. அறுபதாவது வளைவில் அதை அழுத்தி, உச்சியில் பேட்டரி எவ்வளவு மிஞ்சியது, இறங்கும்போது எந்த வளைவில் எஞ்சின் சுழலத் தொடங்கியது என்ற இரண்டையும் குறித்துவந்து இங்கே பதிவிடுகிறேன்.